ஏழாவது மாடி அக்கா

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடை வாசலில் அவர் வண்டி ஏறுவார். அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே நான் ஏறிவிடுவேன். அதுவரை அலுவலக வண்டிக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். யாருடைய மாமியார் வந்திருக்கிறார், அனகாபுத்தூரில் எந்தத் தெருவில் தண்ணீர் இன்னும் வடியவில்லை, எந்தப் பள்ளியில் சேர்க்கை முடிந்துவிட்டது என்று. அவர் முன் கதவைத் திறந்து, பருத்திப் புடவையின் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். பிறகு கேளம்பாக்கம் வரை என்ஜின் சத்தமும் ஓட்டுநர் போடும் பாட்டும்தான்.

அவர் எங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் இருந்தார். ஏழாவது மாடியில் அவருடைய இருக்கை. அதே மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை உண்டு. யாருக்காவது வேலை போகிறது என்றால் அந்த அறையில், அவர் வாயால்தான் போகும். அதனால் அவருக்கு ‘ஏழாவது மாடி அக்கா’ என்று பெயர். அவர் வேறு மாடிக்கு இறங்கி வந்தால், பிறந்தநாள் கேக் சாப்பிட வந்தால்கூட, தலைகள் எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள் புகுந்துகொள்ளும். ஒருமுறை என் குழுவில் ஒரு பெண்ணிடம் ஸ்டேப்ளர் கேட்டு வந்து நின்றார். அந்தப் பெண் ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதாள்.

“என்னைப் பாத்தா எமன் மாதிரியா இருக்கு?” என்று அன்று மதியம் என்னிடம் கேட்டார்.

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத.”

“கொஞ்சம் இருக்கு.”

சிரித்தார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. கேன்டீனில் அவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். தைரியம் என்றெல்லாம் சொல்ல முடியாது. காலையில் ஒரே வண்டியில் வந்தவரை மதியம் தெரியாதவர் போலக் கடந்து போக எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வளாகத்தில் எங்களைப் போல இன்னும் சில நிறுவனங்கள் இருந்தன. எங்கே யாரை எப்படி வெளியே அனுப்பினார்கள் என்பது அவர் காதுக்கு வந்துவிடும். ஓர் இடத்தில் விடியற்காலையில் மின்னஞ்சல் போயிருக்கிறது. பல் துலக்கிவிட்டு வருவதற்குள் லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. இன்னோர் இடத்தில் எல்லோரையும் ஓட்டலுக்கு வரச் சொல்லி, விருந்து முடிகிற நேரத்தில் மேடையில் மைக் பிடித்துச் சொன்னார்கள்.

“ஒருத்தன் ஐஸ்கிரீம் கப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்னானாம்பா. அதைச் சாப்பிடறதா, கீழ வைக்கறதான்னு தெரியலையாம்.” இதைச் சொல்லும்போது அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அவர் எப்படிச் சொல்வார் என்பதை நான் கண்ணால் பார்த்தது செல்வின் விஷயத்தில். செல்வின் என் குழுவில் மூத்தவர். நான் சேர்ந்த காலத்தில் எனக்கு வேலை சொல்லித் தந்தவர்களில் ஒருவர். ஆட்குறைப்புப் பட்டியலில் அவருடைய பெயர் வந்தபோது, மேலாளர் என்ற முறையில் நானும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்றார்கள். தலைமையகத்தில் இருந்து என்ன பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். சந்தை நிலவரம், வாடிக்கையாளரின் முடிவு, நிறுவனத்தின் எதிர்காலம் என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில்தான் விஷயம் இருந்தது. அந்தத் தாளை அக்கா மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பாதுகாப்புக்காக உள்ளே நிறுத்தப்பட்டிருந்த காவலாளியைப் பார்த்து, “அண்ணா, நீங்க வெளிய இருங்க” என்றார்.

செல்வின் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எதிரே இருந்ததால் ஏதோ பதவி உயர்வுப் பேச்சு என்று நினைத்திருப்பார் போல.

“செல்வின், உங்களுக்கு வேலை போயிடுச்சு. இந்த மாசத்தோட முடியுது” என்றார் அவர்.

அவ்வளவுதான். அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. செல்வினின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார். ஏதாவது பேசி அந்த அமைதியை நிரப்ப வேண்டும் போல இருந்தது. “சார், ஆக்சுவலா...” என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. நிறுத்திக்கொண்டேன்.

“நான் இன்னா தப்பு பண்ணேன் மேடம்?” என்று கடைசியில் கேட்டார் செல்வின். அனகாபுத்தூர்க்காரர். பதறினால் அவர் பேச்சில் ஊர் வந்துவிடும்.

“ஒண்ணும் பண்ணல.”

“அப்போ ஏன் நானு?”

“உங்க சம்பளத்துல ரெண்டு பேரை எடுக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. அதான் காரணம்.”

செல்வின் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி கைப்பிடியைப் பிடித்தார். அக்காவோ அசையவில்லை, செல்வினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கெல்லாம் தூக்கம் வருதா மேடம்?”

“வரல.”

செல்வின் நின்றார். பிறகு உட்கார்ந்தார், முகத்தை மூடிக்கொண்டார். அக்காவின் தொலைபேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். எதற்கும் அக்கா திரும்பவில்லை. செல்வினாக எழும்வரை உட்கார்ந்திருந்தார். வேலை போனவர்களைப் பின்பக்கச் சரக்கு லிஃப்டில் இறக்க வேண்டும் என்பது விதி. அவர் செல்வினை முன் லிஃப்டில் கூட்டிப்போய், இருக்கையருகே நிற்கவைத்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகச் செய்தார். வாசல்வரை கூடவே நடந்தார். செல்வினின் அண்ணன் வந்து வண்டியில் ஏற்றிக்கொள்ளும்வரை வெயிலில் நின்றார்.

மாலையில் வண்டிக்குக் காத்திருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. “கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்கா. மனுஷன் வந்து உக்காந்ததும் தலையில போட்டுட்டீங்க.”

“பதமா ஆரம்பிச்சா, அவர் நம்பிக்கையோட கேட்டுக்கிட்டு இருப்பார்பா. நான் ஒவ்வொரு வாக்கியமா அந்த நம்பிக்கையை வெட்டணும். அதுக்கு ஒரே வெட்டு தேவலை.”

“உங்ககிட்ட முன்னாடி யாராச்சும் இப்படிச் சுத்தி வளைச்சுப் பேசினாங்களா? அதான் இவ்ளோ பிடிவாதமா?”

“எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு கதை இருக்கணுமா என்ன?” என்றார். வண்டி வந்துவிட்டது.

அந்த ஆண்டு அவருடைய சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு என்னையும் மகனையும் கூப்பிட்டிருந்தார். எங்களுக்கு அது கேக்குக்கும் பிரியாணிக்கும் போகிற இடம். வளாகத்தில் பந்தல் போட்டு, காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலம் ஒருபக்கம், சாப்பாட்டுக் கடைகள் ஒருபக்கம் என்று ஒரே கூட்டம். பிரியாணி வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். முன்னே போனதும்தான் கரண்டி பிடித்து நிற்பவரைப் பார்த்தேன். செல்வினின் மனைவி. அவர்களும் அதே சர்ச் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அக்கா தட்டை நீட்டினார். அந்தப் பெண் கரண்டியை அண்டாவுக்குள் வைத்துவிட்டார்.

“இவங்களுக்கு நான் போட மாட்டேன். வேற யாராச்சும் வந்து போடுங்க.”

உரக்கத்தான் சொன்னார். வரிசை முழுக்கக் கேட்டது. யாரோ ஏலக்காரரைக்கூட உஸ் என்று அடக்கினார்கள். என் மகன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். நானாக இருந்தால் தட்டை வைத்துவிட்டு ஓடியிருப்பேன். அக்கா நீட்டிய கையை எடுக்கவில்லை, தலை குனியவும் இல்லை. அப்படியே நின்றார்.

பந்தலின் பின்புறமிருந்து செல்வின் வந்தார். இளைத்திருந்தார். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மனைவியின் தோளை லேசாகத் தொட்டு நகர்த்தினார். கரண்டியை எடுத்து, அடியிலிருந்து துண்டு வருகிற மாதிரி ஆழமாக அள்ளி, அக்காவின் தட்டில் போட்டார்.

“தயிர் பச்சடி அந்தாண்ட கீது மேடம்” என்றார்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் சர்ச்சில் தன் வழக்கமான பெஞ்சில்தான் போய் உட்கார்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். செல்வினுக்குக் கிண்டியில் வேலை கிடைத்தபோது அந்தச் செய்தியை எனக்கு முதலில் சொன்னதும் அவர்தான்.

அடுத்த சுற்று ஆட்குறைப்பு பற்றி வதந்தி கிளம்பியபோது வண்டியில் நாங்கள் மூன்று பேர்தான் வந்துகொண்டிருந்தோம். அவர், நான், இன்னொரு புராஜெக்டில் இருந்த மகேஷ். மகேஷ் நாகர்கோவில் பையன். மனைவி அங்கே ஒரு பள்ளியில் நிரந்தர ஆசிரியை. வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு சென்னைக்கு வரப்போகிறாள் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாடம்பாக்கத்தில் வீடுகூடப் பார்த்துவிட்டான்.

இந்தமுறை செய்தியை யாரும் நேரில் சொல்லக்கூடாது, வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் தலைமையகமே சொல்லும் என்று முடிவாகியிருந்தது. பட்டியல் அவரிடம் இருந்தது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் புதன்கிழமை காலை எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் முன் சீட்டில் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் என்பதுதான்.

வண்டலூர் தாண்டியதும் மகேஷ் போனில் பேசினான். “லெட்டரை இன்னைக்கே குடுத்துரு. எச்.எம். லீவுல போறதுக்குள்ள குடுத்துரு. நான் பாத்துக்கிடுதேன்.” போனை வைத்தவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். “வைஃப் ரிசைன் பண்றா. இனிமே ஓட்டல் சாப்பாடு கட்.” பிறகு அதே சிரிப்போடு முன் சீட்டை எட்டிப் பார்த்தான். “அக்கா, என் பேரு ஒண்ணும் லிஸ்ட்ல இல்லல்லா? இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

விளையாட்டாகத்தான் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. ஓட்டுநர் அண்ணன் பாட்டை நிறுத்தினார். மகேஷின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

“அக்கா?”

“அண்ணா, வண்டிய ஓரம் கட்டுங்க” என்றார் அவர்.

“இங்கயா மேடம்? லாரி வந்துகினு கீது.”

“நிறுத்துங்க.”

இறங்கி, பின் கதவைத் திறந்தார். “மகேஷ், இறங்கி வாங்க.”

சாலையோரம் இளநீர்க் கடை ஒன்று, அதையொட்டி ஒரு சின்ன பாலத்தின் கைப்பிடிச் சுவர். அங்கே போய் நின்றார்கள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அவர் உதடு ஒருமுறை அசைந்தது. மகேஷ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். லாரி போகிற காற்றில் அவர் புடவை படபடத்தது. அவரும் அவன் பக்கத்தில், மண்ணிலேயே உட்கார்ந்தார்.

என் கை கதவின் கைப்பிடிக்குப் போயிற்று. நானும் இறங்கிக் கேட்டுவிடலாம். வங்கிக் கடன், மகனின் பள்ளி எல்லாம் நினைவுக்கு வந்தன. கை கைப்பிடியிலேயே இருந்தது. திறக்கவில்லை.

“இன்னா மேடம் இது, பேஜாரா கீது” என்றார் ஓட்டுநர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து. “அந்தப் புள்ளைக்கு வேல பூட்ச்சா?”

சட்டென்று மகேஷ் துள்ளி எழுந்தான். அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடிவந்து வண்டியில் ஏறினான். மணி அடித்து அடித்து நின்றது. வகுப்பில் இருப்பாள், போன் பையில் இருக்கும். மறுபடி அடித்தான். பள்ளி அலுவலகத்துக்கு அடித்தான், அங்கே பிஸி. “எடுடி, எடுடி” என்று அவன் முணுமுணுக்க, வண்டி கேளம்பாக்கத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் யாரோ அலுவலகப் பணியாளர் எடுத்தார். “டீச்சரைக் கூப்பிடுங்க, அவசரம், அவங்க எச்.எம். ரூமுக்குப் போயிருந்தாலும் கூப்பிடுங்க.” காத்திருந்தோம். எதிர்முனையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

“குடுத்துட்டியா?” என்றான். “வாசல்லதான நின்ன? உள்ள போகல்லல்லா? கிழிச்சிரு. கேள்வி கேக்காத, கிழிச்சிரு.”

போனை மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

முன் சீட்டிலிருந்து அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். “நீ கேக்கவே இல்லயே.”

“பயமா இருக்குக்கா.”

“உன் பேரு இல்ல.”

பக்கத்தில் ஒருவன் அழுதுகொண்டிருக்கும்போது அப்படி ஒரு நிம்மதி உடம்பு முழுக்க இறங்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

மகேஷ் நேராகத் தன் மேலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறான். மதியத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் கிளையின் தலைவர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததை அன்று மாலை வண்டியில் அக்கா சொன்னார்.

“‘நான்தான் சொன்னேன்’னேன். ‘பதில் சொல்லாம இருந்திருக்கலாமே’ன்னார். ‘அதுவும் பதில்தான் சார்’னேன்.”

“உங்களை ஏதாச்சும் பண்ணிடுவாங்களாக்கா?”

“பண்ணுவாங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை வாசலில் என் அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் அவர் அட்டையை வைத்தார். சிவப்பு. மறுபடி வைத்தார். சிவப்பு. “தொடச்சுட்டு வைங்க மேடம்” என்றார் காவலாளி. அதற்குள் காவலாளியின் மேசையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் மாறியது.

“மேடம்... மேல இருந்து...”

“நீங்க சொல்ல வேண்டாம்ணா. அது உங்க வேலை இல்ல. யாரு முடிவு பண்ணாங்களோ, அவங்களை வந்து சொல்லச் சொல்லுங்க. நான் கேட்டுட்டுப் போறேன்.”

நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். நான் மேலே போக வேண்டியிருந்தது. அங்கே ஆளாளுக்கு வீடியோ அழைப்புக்கான ஓர் இணைப்பு வந்திருந்தது. இரண்டு விதமான இணைப்புகள், எது தங்குகிறவர்களுக்கு, எது போகிறவர்களுக்கு என்று யாருக்கும் தெரியாமல் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். எல்லோருடைய மைக்கும் அணைக்கப்பட்டிருந்தது. எங்கோ ஒரு மனிதர் எழுதி வைத்ததை வாசித்தார். வரிசையில் அங்கங்கே ஒரு முகம் வெளுத்தது. கேள்வி கேட்க வாய் திறந்தவர்களின் குரல் எங்கேயும் போகவில்லை. அழைப்பு முடிந்தது, திரை அணைந்தது.

நான் கீழே ஓடிவந்தபோது வரவேற்பறை நிரம்பியிருந்தது. பையோடு இறங்கி வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். தன் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் இருந்தார். இன்னும் சிலர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேப்ளர் கேட்டதற்கு அழுத அந்தப் பெண் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். கூட்டம் பெருகப் பெருக, மேலே பயந்துவிட்டார்கள் போல. லிஃப்ட் திறந்து கிளைத் தலைவர் வந்தார்.

“மேடம், நாம தனியா பேசலாமா?”

“இங்கயே சொல்லுங்க சார்.”

“இப்ப ஆர்கனைசேஷன் ஒரு டிரான்சிஷன்ல இருக்கு. உங்க ரோல் வந்து...”

“என் ரோல் இல்ல சார். எனக்கு என்னன்னு சொல்லுங்க.”

கிளைத் தலைவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முயற்சியில்தான் வந்தது. “உங்களுக்கு இன்னையோட வேலை இல்லைங்க.” சொன்னதும் அவர் குரல் உடைந்தது. திரும்பி லிஃப்டைப் பார்த்தார்.

“கொஞ்ச நேரம் உக்காருங்க சார்” என்றார் அக்கா. அதிகாரமாக இல்லை. களைத்தவரிடம் சொல்வது போலச் சொன்னார். அந்த மனிதர் கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் காலமாகிப் பல காலம் ஆகிறது. கல்லூரியில் படிக்கும் மகளும் அவரும்தான். மகள்தான் கதவைத் திறந்தாள்.

“அம்மா மீட்டிங்ல இருக்காங்க ஆன்ட்டி. சத்தம் போடாம போங்க.”

எனக்குப் புரியவில்லை. உள்ளறைக் கதவைத் தள்ளினேன். அவர் அலுவலகத்துக்கு உடுத்துவது போலப் புடவை உடுத்தி, மேசைமுன் உட்கார்ந்திருந்தார். எதிரே மகளின் பழைய லேப்டாப், மூடியபடி.

“அவகிட்ட இன்னும் சொல்லல” என்றார், என்னைப் பார்க்காமல்.

“எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க!”

“அவங்க யாரும் என் பொண்ணு இல்லையே.” பிறகு மெல்ல, “நீ சொல்லிடுறியா?” என்றார். அந்த முகத்தில் கெஞ்சலை நான் பார்த்ததே இல்லை.

“நான் சொல்ல மாட்டேன்கா. ஆனா கூட உக்காந்திருக்கேன்.”

மகளைக் கூப்பிட்டேன். வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அவர் வாயைத் திறந்தார். “பாப்பா, கம்பெனில இப்ப நிலைமை கொஞ்சம்...” நிறுத்தினார். நான் எதுவும் பேசவில்லை.

“அம்மாவுக்கு வேலை போயிடுச்சு” என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள், மூடிய லேப்டாப்பைப் பார்த்தாள். வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்போ காலைல நீ ஃப்ரீயா?”

“ம்.”

“என்னை காலேஜ்ல விட்டுடறியா? பஸ்ல நிக்கக்கூட இடமில்ல.”

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதேடி.”

“கத்துக்கோ.”

அவர் சிரித்தார். இந்தமுறை சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவருக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மகேஷ் நாகர்கோவிலுக்கே போய், மனைவி சம்பளத்தில் ஓராண்டு தாக்குப்பிடித்து, அங்கேயே ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தான். நானும் அந்த அலுவலகத்தை விட்டுவிட்டேன், வீடும் மாறிவிட்டோம்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது கேம்ப் ரோடு சிக்னலில். பருத்திப் புடவையின்மேல் ஹெல்மெட் மாட்டி, இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டே ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டிருந்தார். பின்னால் மகள், “காலை மேல எடும்மா, காலை மேல எடு!” என்று கத்திக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற பேருந்து ஹாரன் அடித்தது. அவர் காலை எடுத்து மேலே வைத்தார். வண்டி ஒருமுறை தள்ளாடி, நேராகி, கூட்டத்துக்குள் போயிற்று.